கூடுவிட்டுக் கூடு பாயும் குரல்



வானொலியிற் கேட்கும் ஒரு பேச்சு உங்கள் செவியை வந்தடைவதற்கு முன் எத்தனை உருவம் எடுத்துவிடுகின்றது என்று எண்ணிப் பார்த்திருக்கின்றீர்களா? பேசுவோன் வாயிலிருந்து புறப்படுவது காற்றின் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்னோட்டமாக மாற்றுகின்றது. கணினி அம்மின்னோட்டத்தை எண்களாக எழுதிக் கோப்பாக வைத்துக்கொள்கின்றது. ஒலிபரப்பும் வேளையில் எண்கள் மீண்டும் மின்னோட்டமாகி, வானலையாகிக் கடலும் மலையும் கடந்து வருகின்றன. உங்கள் இல்லத்து வானொலிப் பெட்டி அவ்வலையைப் பற்றி, மறுபடியும் காற்றின் அதிர்வாக்கித் தருகின்றது. உருவம் பல, குரல் ஒன்று.

திருமூல நாயனார் வரலாற்றை நம்மவர் அறிவர். இறந்து கிடந்த மூலன் என்னும் ஆயனின் உடலிற் புகுந்து, அவனைச் சூழ்ந்து கதறிய பசுக்களின் துயர் தீர்த்தார் அந்த யோகியார். பின்னர்த் தாம் வைத்துச் சென்ற சொந்த உடலைத் தேடியபோது அதனைக் காணவில்லை என்பது பெரிய புராணம் கூறும் செய்தி. மனிதக் குரலும் கடந்த நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வாறு கூடுவிட்டுக் கூடு பாய்ந்து வந்திருக்கின்றது. புகையேறிய தாள், மெழுகு, அரக்கு, காந்த நாடா, எண் என்று அது புகுந்த கூடுகள் பல. இன்று கணினியில் ஓர் ஒலிக்கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றுதல் பள்ளிச் சிறுவனும் ஒரு நொடியிற் செய்யக்கூடிய காரியம். ஆயினும் அந்த எளிய செயலுக்குள்ளே ஒரு பழைய கேள்வி இருக்கின்றது. கூடு மாறும்போது எது நம்மோடு வருகின்றது, எது பின்தங்கிவிடுகின்றது என்பதே அக்கேள்வி. அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வோம்.

கதை பாரிஸ் மாநகரில் தொடங்குகின்றது. அங்கே எடுவார்ட்-லெயோன் ஸ்கொட் டி மார்ட்டின்வில் என்னும் அச்சுத் தொழிலாளர் ஒருவர் இருந்தார். அறிவியல் நூல்களின் அச்சுப் பணியில் ஈடுபட்டிருந்த அவர், மனிதச் செவியின் அமைப்பைப்பற்றி அறிந்து ஓர் எண்ணங் கொண்டார். கண்ணுக்குத் தெரியும் காட்சியை ஒளிப்படக் கருவி பதிவு செய்வதுபோல, செவிக்குக் கேட்கும் ஒலியைத் தானே எழுதிக்கொள்ளும் ஒரு கருவியை ஏன் ஆக்கக்கூடாது? 1857 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆம் நாள் அவர் தம் கருவிக்குக் காப்புரிமை கோரினார். அதன் அமைப்பு எளியது. கூம்பு போன்ற வாய். அதன் முடிவில் செவிப்பறை போன்ற மெல்லிய தோல். தோலோடு பொருத்திய ஒரு நுண்ணிய முள். உருளை ஒன்றின்மேல் விளக்குக் கரி படிந்த தாளைச் சுற்றிக் கையாற் சுழற்றுவர். ஒருவர் பேசினால் தோல் அதிரும், முள் அசையும், கரியின்மேல் வெண்மையான நெளிகோடு விழும்.

இங்கே ஒன்றை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஸ்கொட் ஒலியை எழுத விரும்பினாரேயன்றி, எழுதியதை மீண்டும் ஒலிக்கச் செய்ய எண்ணவில்லை. பயின்ற கண் அந்நெளிகோட்டை எழுத்தைப் படிப்பதுபோலப் படித்துவிடும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கை நிறைவேறவில்லை. 1877 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் தோமஸ் அல்வா எடிசன், தகரத்தாள் சுற்றிய உருளையிற் பதித்த குரலை அவ்வுருளையிலிருந்தே திரும்பப் பேசச் செய்தார். உலகம் எடிசனைப் புகழ்ந்தது. ஸ்கொட் மனம் நொந்து, தம் பங்கை எடுத்துரைத்து ஒரு நூல் வெளியிட்டார். 1879 இல் மறைந்தார். அவர் எழுதிய கரித்தாள்கள் ஆவணக் காப்பகங்களில் உறங்கின. அவற்றைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

எடிசனின் உருளையை அடுத்து வந்தது தட்டு. 1887 இல் எமில் பெர்லினர் என்பார் கிராமபோன் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தில் உருளைகளைப் படியெடுத்துப் பெருக்குதல் கடினம். தட்டை ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்காக வார்க்கலாம். அவ்வார்ப்புக்கு வேண்டிய பொருளோ இந்தியக் காடுகளில் மரக்கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி தரும் அரக்கு. தளபாடத்துக்கு மெருகிட்ட அரக்கு, உலகத்தின் பாட்டையெல்லாம் சுமக்கும் பொருளாயிற்று.

1902 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் இலண்டன் கிராமபோன் நிறுவனத்தைச் சேர்ந்த பிரெட் கைஸ்பேர்க் கல்கத்தாவிற்கு வந்து, கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். கலைஞர் கூம்பின் வாய்க்கு அருகில் நின்று உரத்துப் பாடுவார். அதிர்வு மெழுகுத் தட்டிற் பதியும். அம்மெழுகுத் தட்டு கப்பலேறி ஜேர்மனியின் ஹனோவர் நகருக்குச் செல்லும். அங்கே அதிலிருந்து உலோக அச்சு எடுப்பர். அவ்வச்சிலிருந்து அரக்குத் தட்டுக்களை அழுத்தி எடுப்பர். தட்டுக்கள் மீண்டும் கப்பலேறி இந்தியா வந்து சேரும். மெழுகிலிருந்து உலோகம், உலோகத்திலிருந்து அரக்கு என்று ஒரு குரல் மூன்று கூடு மாறிய பின்னரே வாங்கியவர் வீட்டில் ஒலித்தது. அத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். மணிக்கணக்கிற் பாடும் இராகத்தை அம்மூன்று நிமிடத்துக்குள் அடக்கவேண்டிய கட்டாயம் கலைஞருக்கு ஏற்பட்டது. கூடு வெறுங் கூடன்று. உள்ளே புகும் உயிரையும் அது தன் அளவுக்கு வளைத்துவிடுகின்றது என்பதற்கு இஃது ஒரு சான்று.

நம் நாட்டு வானொலியின் தொடக்கமும் இத்தட்டோடு தொடர்புடையது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பில் நடத்திய ஆரம்பப் பரிசோதனைகளில் வானலையேறியது கிராமபோன் இசையே. 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. அரக்குத் தட்டின் பள்ளத்தில் உறைந்திருந்த குரலை வானலையாக மாற்றியதோடு இலங்கையின் ஒலிபரப்பு வரலாறு தொடங்குகின்றது எனலாம்.

அடுத்த கூடு காந்த நாடா. 1928 இல் பிரிட்ஸ் புளூமர் என்னும் அறிஞர், இரும்புத் தூள் பூசிய தாள் நாடாவில் ஒலியைப் பதியும் முறையை ஜேர்மனியில் வகுத்தார். அந்நெறியில் அமைந்த மக்னெற்றோபோன் என்னும் கருவி 1935 இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போர் முடிந்தபின் ஜாக் மல்லின் என்னும் அமெரிக்கப் படைப்பொறியாளர் அத்தகைய கருவிகள் இரண்டைத் தம் நாட்டுக்கு அனுப்பிச் சீர்செய்தார். 1948 இல் அம்பெக்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாக் கருவிகள் வானொலி நிலையங்களிற் புகுந்தன. தட்டிற் பிழைபட்டாற் பிழைபட்டதே. நாடாவையோ வெட்டலாம், ஒட்டலாம், அழித்து மீண்டும் எழுதலாம். வானொலிக் கலைஞர் நேரத்தின் அடிமை நிலையிலிருந்து விடுபட்டது இந்நாடாவினாலேயே.

ஆயினும் இக்கூடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்றிருந்தது. தட்டிலிருந்து நாடாவுக்கும், நாடாவிலிருந்து மற்றொரு நாடாவுக்கும் படியெடுக்குந்தோறும் ஓர் இரைச்சல் கூடும். ஒரு நுட்பம் குறையும். படியின் படி, அப்படியின் படி என்று நான்கைந்து தலைமுறை செல்லுமுன் குரல் மங்கிவிடும். ஏட்டைப் பார்த்து ஏடெழுதியோர் கைப்பிழையால் பாடம் திரிந்த கதையை நம் பழந்தமிழ் நூற் பதிப்பாளரிடம் கேட்டால் தெரியும். அதே நோய் ஒலிக்கும் இருந்தது.

இந்நோய்க்கு மருந்தாக வந்தது எண். பாரிஸில் பணிபுரிந்த அலெக் ரீவ்ஸ் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1937 இல் ஒரு வழியைச் சிந்தித்தார். ஒலியலையைத் தொடர்ச்சியான கோடாகக் கொண்டு செல்லாமல், விநாடிக்குப் பல்லாயிரந் தடவை அதன் உயரத்தை அளந்து, அவ்வளவுகளை எண்களாகவே அனுப்பினால் என்ன? கோடு மங்கும், எண் மங்காது. ஏழு என்னும் எண்ணை எத்தனை முறை பெயர்த்தெழுதினாலும் அஃது ஏழாகவே இருக்கும். ரீவ்ஸின் எண்ணம் அக்காலக் கருவிகளின் ஆற்றலுக்கு மிஞ்சியதாக இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1982 இல், நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் யப்பானின் சொனி நிறுவனமும் வகுத்த குறுந்தட்டு அதனை வீடுதோறும் கொண்டு சென்றது.

குறுந்தட்டில் ஒலியின் உயரம் விநாடிக்கு 44,100 தடவை அளக்கப்படுகின்றது. மனிதச் செவி விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையே கேட்கும். ஓர் அதிர்வைப் பதிய அதன் இருமடங்குக்கு மேற்பட்ட அளவைகள் வேண்டும் என்பது கணித விதி. 40,000 ஐச் சிறிது கடந்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே. ஆனால் முழு ஆயிரமாக இல்லாமல் 44,100 என்று வந்தது ஏன்? அக்காலத்தில் இத்துணை எண்களைத் தாங்கக்கூடியதாகக் கைக்குக் கிடைத்தது தொலைக்காட்சிப் படத்தைப் பதியும் நாடாவே. அதிற் படக்கோடு ஒன்றுக்கு மூன்று அளவைகள் பொருந்தின. அமெரிக்காவிலும் யப்பானிலும் வழங்கிய முறையில் 245 கோடுகளை விநாடிக்கு 60 தடவை பயன்படுத்தினர். மூன்றையும் 245 ஐயும் 60 ஐயும் பெருக்கினால் 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 294 கோடுகள், 50 தடவை. அதுவும் 44,100 ஆகும். பழைய கூட்டின் தழும்பு புதிய கூட்டிலும் பதிந்துவிட்டது. இன்றும் உங்கள் கைத்தொலைபேசியில் உள்ள பாட்டுக்கோப்புகளிற் பல இவ்வெண்ணைச் சுமந்தே திரிகின்றன.

ஒவ்வோர் அளவையும் 16 இலக்கமுள்ள இரும எண்ணாக எழுதப்படுகின்றது. ஆகவே 65,536 படிகளில் ஒன்றாக அதனைக் குறிக்கலாம். இடச்செவிக்கொன்று, வலச்செவிக்கொன்று என்று இரட்டித்தால் ஒரு விநாடி இசைக்கு 1,411,200 இரும இலக்கங்கள் வேண்டும். இவ்வெண்களை எவ்விதக் குறைப்பும் இன்றி அப்படியே எழுதி வைக்குங் கோப்புக்களில் ஒன்றுதான் 1991 இல் மைக்ரோசொப்ட், ஐ.பி.எம். என்னும் நிறுவனங்கள் வகுத்த வேவ் வடிவம். அது நேர்மையான கோப்பு, ஆனால் பருமனானது. தொலைபேசிக் கம்பிவழியே இணையம் மெல்ல நடைபயின்ற காலத்தில் ஒரு பாட்டை அனுப்ப மணிக்கணக்காயிற்று.

ஜேர்மனியில் ஏர்லாங்கன் நகரத்து அறிஞர்கள் இதற்கு வழி கண்டனர். பேராசிரியர் டீட்டர் சைட்சரின் மாணவராக விளங்கிய கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கும், பிரவுன்ஹோபர் ஆய்வு நிலையத்தினரும், பிற நாட்டறிஞரும் செவியின் இயல்பை ஆராய்ந்தனர். கோயில் வீதியில் தவிலும் நாதசுரமும் முழங்கும்போது அருகில் நிற்பவர் முணுமுணுப்பது நமக்குக் கேட்பதில்லை. அம்முணுமுணுப்பு காற்றில் இருக்கின்றது. ஆனால் செவி அதனைக் கொள்வதில்லை. செவி கொள்ளாததைக் கோப்பிலும் எழுதாமல் விட்டால் என்ன என்பதே அவர்கள் கண்ட நெறி. ஆய்வின்போது சுசேன் வேகா என்னும் அமெரிக்கப் பாடகி பக்கவாத்தியம் எதுவுமின்றித் தனிக்குரலிற் பாடிய பாடல் ஒன்று அவர்களை மிகவும் சோதித்தது. பெரிய வாத்தியக் குழுவின் இசை பிழைத்துக்கொண்டது. அத்தனிக்குரலோ முதலிற் சிதைந்து வந்தது. அதனைத் திரும்பத் திரும்பக் கேட்டு முறையைச் செம்மையாக்கினர். 1990களின் தொடக்கத்தில் அஃது உலகத் தரமாக ஏற்கப்பட்டது. 1995 ஆம் ஆண்டு யூலை 14 ஆம் நாள் எம்.பி.3 என்னும் பெயரொட்டு அதற்குச் சூட்டப்பட்டது. வழக்கமான ஓர் அளவில், குறுந்தட்டின் பருமன் ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கிற்று.

மற்றொரு சாரார் எதையும் இழக்காமற் சுருக்க முயன்றனர். தாளம் அறிந்த இரசிகன் அடுத்த அடியை முன்கூட்டியே ஊகிப்பதுபோல, முன் வந்த எண்களைக் கொண்டு அடுத்த எண்ணைக் கணினி ஊகிக்கின்றது. ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் எழுதிவைக்கின்றது. பின்னர் விரிக்கும்போது ஓர் எண்ணும் பிசகாமல் முதல் திரும்பக் கிடைக்கின்றது. 2001 இல் ஜோஷ் கோல்சன் நிறைவான முதற் பதிப்பாக வெளியிட்ட ஃபிளாக் வடிவம் இவ்வகையது. இதன் சுருக்கம் எம்.பி.3 இனது போல் அத்துணை பெரிதன்று; ஆனால் இழப்பு என்பது இல்லை.

இப்பொழுது கணினியில் வடிவமாற்றம் செய்வோர் அறியவேண்டிய பாகுபாடு தெளிவாகின்றது. வேவ் கோப்பை ஃபிளாக் ஆக்குவதும், ஃபிளாக்கை வேவ் ஆக்குவதும் பானையிலிருந்து குடத்துக்கு நீரை மாற்றுவது போன்றவை. ஒரு துளியும் சிந்தாது. வேவ் கோப்பை எம்.பி.3 ஆக்குதல் கரும்பைப் பிழிந்து சாறெடுப்பது போன்றது. பயன்பாட்டுக்கு நல்லது, ஆனால் கரும்பு திரும்ப வாராது. எம்.பி.3 கோப்பை மீண்டும் வேவ் ஆக்கினால் கோப்பின் பருமன் வளரும், தரம் வளராது. சாற்றைக் கரும்பளவு பாத்திரத்தில் ஊற்றியதே மிச்சம். எம்.பி.3 ஐ மற்றோர் இழப்புச் சுருக்க வடிவத்துக்கு மாற்றினாலோ, முன் இழந்ததோடு இன்னும் சிறிது இழப்போம். மங்காத எண்ணைக் கண்டுபிடித்த பின்னரும், படியின் படி மங்கும் பழைய நோய் இவ்வழியாகத் திரும்ப வந்துவிடுகின்றது.

இனிப் பாரிஸ் கரித்தாள்களிடம் மீள்வோம். அமெரிக்காவில், கலிபோர்ணியாவின் லோரன்ஸ் பேர்க்கிலி ஆய்வுகூடத்தில், அணுத்துகள்களின் தடங்களைப் படமெடுத்து ஆராய்ந்த கார்ல் ஹேபர் என்னும் பௌதிக அறிஞர், அதே முறையாற் பழைய இசைத்தட்டுக்களையும் முள்ளால் தீண்டாமற் படமெடுத்து வாசிக்கலாம் என்று காட்டினார். பழம்பதிவுகளைத் தேடித் திரிந்த டேவிட் ஜியோவன்னோனி முதலிய ஆய்வாளர் 2008 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாரிஸ் சென்று, ஸ்கொட் 1860 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆம் நாள் எழுதிய தாளொன்றின் நுண்படத்தைப் பெற்றுவந்தனர். ஹேபர் குழுவினரின் துணையோடு கணினி அந்நெளிகோட்டைப் பின்தொடர்ந்தது. கண்ணாற் படிப்பதற்கென்று எழுதப்பட்ட கோடு 148 ஆண்டுகளின் பின் ஒலிக்கோப்பாகிப் பாடியது. அது பிரெஞ்சு நாட்டார் பாடல் ஒன்றின் துணுக்கு. சிறுமி அல்லது இளம்பெண் ஒருத்தியின் குரல்போல அது கேட்டது. உலகச் செய்தித்தாள்கள் வியந்து எழுதின.

ஆனால் மறுவருடமே ஒரு திருத்தம் வந்தது. கையாற் சுழலும் உருளையின் வேகம் சீராக இராது என்பதை அறிந்த ஸ்கொட், குரலுக்கு அருகே இசைக்கவை ஒன்றின் அதிர்வையும் கோடாக எழுதிவைத்திருந்தார். அக்கோடே காலத்தை அளக்கும் அளவுகோல். அவ்விசைக்கவை விநாடிக்கு 500 முறை அதிர்ந்தது என்று ஆய்வாளர் முதலிற் கொண்டனர். அக்காலப் பிரெஞ்சு வழக்கிலோ, முன்னே ஓர் அசைவும் பின்னே ஓர் அசைவும் இரண்டாக எண்ணப்பட்டன. நம் கணக்கில் அஃது 250 அதிர்வே. பதிவு இருமடங்கு வேகத்தில் ஓடிவிட்டது! வேகத்தைப் பாதியாக்கியதும் சிறுமி மறைந்தாள். மெல்லப் பாடும் ஓர் ஆடவரின் குரல் எழுந்தது. அது ஸ்கொட்டின் குரலாகவே இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

நேயர்களே, இந்நிகழ்ச்சியைக் கேட்டு நகைப்பதற்கில்லை. கோட்டிற் பிழையில்லை, கணினியிற் பிழையில்லை. அந்த அளவுகோலின் பொருளைச் சொல்லும் ஒரு வரிக்குறிப்புத்தான் தப்பிப் பொருள்கொள்ளப்பட்டது. அதனால் ஓர் ஆடவர் சிறுமியாகிவிட்டார். இன்றும் விநாடிக்கு 44,100 அளவை கொண்ட கோப்பை 48,000 என்று குறித்து ஓட்டினால், பேச்சு விரைந்து சுருதியும் ஏறிவிடும். எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் குரல் பிழையாகும். ஆகையால் ஒரு குரலை இன்னொரு கூட்டுக்கு மாற்றுவோர், அஃது எப்போது, எங்கே, எக்கருவியில், என்ன வேகத்திற் பதிவாயிற்று என்னும் குறிப்பையும் உடன் எழுதிவைத்தல் கடமையாகும்.

இஃது அறிஞர்க்கு மட்டும் உரிய கடமையன்று. நம் இல்லங்களில் அலுமாரிகளின் மூலையில் ஒலிநாடாப் பேழைகள் கிடக்கின்றன. வெளிநாடு சென்ற மகனுக்குத் தாய் பேசி அனுப்பிய நாடா, பாட்டனார் பாடிய தேவாரம், கலியாண வீட்டு நாதசுரம், கிராமத்துக் கூத்து. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டிற் பூஞ்சணம் அவற்றை விரைவில் அணுகும். நாடா தப்பினாலும் அதனை இயக்குங் கருவி தப்புவதில்லை. 2019 இல் யுனெஸ்கோவின் ஆதரவில் ஒலிக்காப்பக வல்லுநர் உலகெங்கும் விடுத்த எச்சரிக்கையும் இதுவே: காந்த நாடாக்களை இயக்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் 2025 ஆம் ஆண்டளவில் அருகிப்போகும், அதற்குமுன் மாற்றிக்கொள்ளுங்கள் என்றனர். அவ்வாண்டும் வந்துவிட்டது. இனித் தாமதத்துக்கு இடமில்லை.

மாற்றும்போது செய்யவேண்டியது பெரிதன்று. நாடாவை முதலில் வேவ் கோப்பாகவோ ஃபிளாக் கோப்பாகவோ மாற்றி முதற்படியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒலிக்காப்பகங்கள் விநாடிக்கு 48,000 அளவைக்குக் குறையாமலும், அளவை ஒன்றுக்கு 24 இரும இலக்கத்திலும் பதிவதை முறையாகக் கொண்டுள்ளன. இயன்றவரை நீங்களும் அவ்வாறு செய்யலாம். உறவினருக்கு அனுப்ப அதிலிருந்து எம்.பி.3 எடுத்துக்கொள்ளுங்கள். முதற்படியை ஓரிடத்தில் மட்டும் வையாமல் ஈரிடத்தில் வையுங்கள். பேசியவர் பெயரையும் ஆண்டையும் ஊரையும் எழுதிச் சேருங்கள். எம்.பி.3 கைக்கு வந்துவிட்டதென்று முதற்கோப்பை அழித்துவிடாதீர்கள். பழைய நாடாவையும் எறிந்துவிடாதீர்கள்.

திருமூலர் திரும்பி வந்தபோது அவர் உடல் அங்கே இல்லை. அவர் யோகியார், மூலன் உடலிலேயே தங்கி உலகுக்குத் திருமந்திரம் தந்தார். நம் தாயாரின் குரலுக்கு அவ்வாற்றல் இல்லை. அது திரும்பி வருவதற்கு அதன் கூட்டை நாமேதான் காத்து வைத்தல் வேண்டும்.